கேன்சர் இல்லையாம்

சின்னப் பெண் குருவியின் கழுத்தில் இரண்டு பக்கமும் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியபோது சொந்தபந்தம் எல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தது. கேன்சர் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். வாசலில் செருப்பு விட இடமில்லை. அம்மாவின் அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்தார். எழவு விழும் என்றால்தான் உறவுக்குக் கால் முளைக்கும் போல.

கட்டியிலிருந்து துண்டெடுத்துப் பரிசோதித்த டாக்டரம்மா, "கேன்சர் இல்லம்மா. உடம்பைக் காக்குற அணுக்களே அளவுக்கு மீறிப் பெருகி நெறியில சேந்துக்குது. ரொம்ப அபூர்வம். நெறைய பிள்ளைங்களுக்குத் தானா வத்திடும். இவளுக்கு மூச்சுக்குழாயை அழுத்துது, மருந்து குடுத்தே ஆகணும்" என்றார்.

முதல் வார்த்தையோடு எல்லோர் காதும் அடைத்துக்கொண்டது. "அதான் ஒண்ணுமில்லன்னுட்டாங்களே!" என்று மாமா அன்றைக்கே கிளம்பிவிட்டார். வாயில் பெயர் நுழையாத நோய்க்கு யார் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள்?

ஸ்டீராய்டு மாத்திரையில் கட்டி வற்றியது, முகம் பூசணிக்காயாக ஊதியது. "கழுத்துல இருந்தது கன்னத்துக்குக் குடி வந்துடுச்சாம்மா?" என்று குருவி சிரித்தாள். மாத்திரையைக் குறைத்ததும் கட்டி மறுபடி தலைதூக்கியது. மூச்சு விசிலடித்தது. கேன்சர் பிள்ளைகளின் வார்டில் படுக்கவைத்து, அவர்களுக்குப் போடும் ஊசியையே குறைந்த அளவில் போட ஆரம்பித்தார்கள். மூச்சு முட்டினால் தொண்டையில் துளை போட நேரும், துணைக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. குருவியின் அப்பா கப்பலில் இருந்தார்.

அம்மா அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"ஆபீஸ்ல ஆடிட் நடக்குதும்மா. சாதாரண கட்டிதானே, நீயே பாத்துக்க மாட்டியா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேன்சர்தாண்ணே. முன்னாடி தப்பாச் சொல்லிட்டாங்க."

மறுமுனையில் அழுகைச் சத்தம். "இதோ கெளம்பிட்டேம்மா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், தூங்கிக்கொண்டிருந்த குருவி கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டில் பையன் போன வாரம்தான் செத்துப்போனான். அந்தச் சொல் அவளுக்குத் தெரியாதா என்ன?

"ஐயோ தங்கம், மாமா வரணும்னு பொய் சொன்னேன்டி. சத்தியமா உனக்கு அது இல்ல!" அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

குருவி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாதம்மா. எனக்குத் தெரியாதுன்னே நெனச்சுக்க."