முன்னிருக்கை

ஜூன் இரண்டாம் வாரம். பிக் ஹோல் ஆற்றின் கரைப் புதர்களில் விரல் நீளத்துக்கு ஆரஞ்சுப் பூச்சிகள் அப்பிக் கிடந்தன. டிரௌட் மீன்கள் கூச்சம் மறந்து மேலே வந்து தின்னும் பத்து நாள் இது. ரஸ்ஸின் மனைவி கேரின் இருந்தவரை இந்தப் பத்து நாளும் வீட்டில் அடுப்பு எரியாது. படகிலேயே சாண்ட்விச், ஃபிளாஸ்க் காப்பி.

ரஸ் துடுப்புகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தான்.

"எந்திரி மாப்ள," என்றான் டுவேன். கேரினின் அண்ணன். "முன்னால போ."

"நீ தூண்டில் போடு மச்சான். நான் துடுப்புப் போடுறேன்."

"ஒரு வருஷமா இதே பாட்டு. யார் முறைன்னு எனக்குத் தெரியாதா?"

முறை என்பது கேரின் வைத்த சட்டம். மீன் பிடித்தவர் துடுப்புக்குப் போக வேண்டும், மற்றவர் முன்னிருக்கைக்கு. கல்யாணமான வாரமே வைத்தாள். ஆலங்கட்டி மழையிலும் தளர்த்தியதில்லை.

போன ஜூனில் கடைசியாக வந்தபோது அவள் ஒரு பழுப்பு டிரௌட் பிடித்தாள். கையை நனைத்து, முள்ளைக் கழற்றி, நீரோட்டத்தில் அதைச் சற்றுப் பிடித்திருந்து, நீந்திப் போக விட்டாள். பிறகு நோய் அவளை எழுந்து நிற்க விடவில்லை.

"அடுத்த தடவ நான் துடுப்பு. உன் முறை அப்படியே இருக்கு," என்றாள்.

ஆகஸ்டில் போய்விட்டாள்.

"போய் உக்காந்தா அவ விட்டுட்டுப் போன முறை முடிஞ்சிரும் மச்சான்," என்றான் ரஸ்.

டுவேன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். "கேரின் பாத்தா திட்டுவா. பூச்சி வந்திருக்கு, நீ பேசிக்கிட்டு இருக்க."

ரஸ் எழுந்தான். முன்பலகையில் அவள் பூட்ஸ் தேய்த்த தடம் இருந்தது. அதன் மேல் கால் படாமல் நின்றான்.

"இடது கர. புதர ஒட்டிப் போடு," என்றான் துடுப்புக்கு மாறிய டுவேன்.

தூண்டில் முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சி தண்ணீரில் விழுந்து மிதந்தது. கீழிருந்து ஒரு மஞ்சள் வயிறு எழும்பியது. வாய் திறந்தது. ரஸ் தூண்டில் கோலைச் சுண்டினான். மீன் இன்னும் வாயை மூடவே இல்லை. பொய்ப்பூச்சி பறந்து வந்து அவன் தொப்பியில் குத்தி நின்றது.

டுவேன் சிரித்தான். "அப்படியேதான் இருக்க. 'மீன் வாய மூடுற வரைக்கும் பொறுக்க மாட்டான்'னு அவ எங்க அம்மாகிட்டகூட சொல்லியிருக்கா."

சுண்டும்போதெல்லாம் பின்னாலிருந்து அவள் விடும் பெருமூச்சு ஞாபகம் வந்தது. ரஸ் கோலைக் கீழே வைத்துவிட்டுத் துடுப்புப் பக்கம் திரும்பினான்.

"எங்க வர்ற?" டுவேன் துடுப்பை விடவில்லை. "மீன் எங்க? மீன் இல்லாமத் துடுப்பு கிடையாது. நீ சுண்டுற லட்சணத்துக்கு உன் முறை செப்டம்பர் வரைக்கும் முடியாது."

ரஸ் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தான். தொப்பியிலிருந்து பொய்ப்பூச்சியைப் பிடுங்கி, ஊதி, ஈரம் போக்கினான்.

அடுத்த புதர் நெருங்கிக்கொண்டிருந்தது.