நீலமும் பழுப்பும்

பேருந்து நிலைய அறிவிப்பாளருக்கு இளைப்பு நோய் இருப்பது பயணிகள் எல்லாருக்கும் தெரியும். அவர்தான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒலிபெருக்கியில் அவர் வாய் திறப்பதற்கு முன் ஒரு விசில் சத்தம் வரும். நடத்துனர் ஊதுகிறார் என்று நினைத்துப் பலர் அடித்துப்பிடித்து வண்டியில் ஏறிவிடுவார்கள்.

அறையில் தூசி, வேறொன்றுமில்லை என்பது அவர் கட்சி. வீட்டில் மாமியாருக்கும் இதே இளைப்புதான். அதை மட்டும் வியாதி என்பார்.

டாக்டர் இரண்டு இன்ஹேலர் கொடுத்திருந்தார். நீலம் மூச்சு முட்டும்போது; பழுப்பு, நன்றாக இருந்தாலும் தினமும். நீலத்தை அடித்தால் நெஞ்சு கொஞ்சம் லேசானது. பழுப்பை அடித்தால் ஒன்றும் தெரியவில்லை. வேலை செய்யாததற்கு எதற்குச் சம்பளம் என்று அதை அலமாரியில் ஏற்றிவிட்டார். நீலத்தையும் சட்டைக்கு சென்ட் அடிப்பதுபோல வாயைத் திறந்து எட்ட இருந்தே அடித்துக்கொள்வார்.

ஒருநாள் நல்ல கூட்ட நேரம். "மலைப்பாதை வழியாகச் செல்லும் பேருந்து புறப்படும் நடைமேடை எண்..." என்றவருக்கு அதற்குமேல் மூச்சு வரவில்லை. நீலம் காலி. வெளியே கூட்டம் மூட்டை முடிச்சோடு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தபடி நின்றது. டிக்கெட் கவுண்டர்காரர் ஓடி வந்து, மைக்கைப் பிடுங்கி எண்ணைச் சொல்லிவிட்டு, பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அந்த வரிசையில் செய்தாரே என்று அறிவிப்பாளருக்கு வெகுநாள் மனத்தாங்கல்.

ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாக மருந்து உள்ளே போய் மூச்சு திரும்பியதும், நர்ஸம்மா இன்ஹேலரை எப்படி அடிப்பீர்கள், காட்டுங்கள் என்றார். காட்டினார். நர்ஸம்மா சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் சிரித்தார். உடனே நர்ஸம்மா அவரையும் காட்டச் சொன்னார். மாமியார் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து, வாயில் அடித்து, மடக்கென்று விழுங்கினார்.

"அது வயித்துக்குப் போற மருந்து இல்லம்மா," என்றார் நர்ஸம்மா.

மருமகனுக்குச் சிரிப்புக்குப் பதில் இருமல்தான் வந்தது.

நர்ஸம்மா இருவருக்கும் சேர்த்தே பாடம் எடுத்தார். குலுக்க வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும், உதட்டால் இறுகக் கவ்வ வேண்டும். மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். பழுப்பு என்றால் அப்புறம் வாயையும் கொப்பளிக்க வேண்டும்.

"நல்லா இருக்கேன்னு பழுப்ப நிறுத்திடாதீங்க. அத போடறதாலதான் நல்லா இருப்பீங்க."

அறிவிப்பாளர் தாழ்ந்த குரலில், "இன்னைக்கு நான் செத்திருப்பேனா?" என்றார்.

"செத்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மாமியார் போர்வையை இழுத்து அவர் மார்புவரை மூடிவிட்டார்.

இப்போது காலையில் வாஷ்பேசின் முன்னால் இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள். ஒருவர் அடிக்க, மற்றவர் குற்றம் கண்டுபிடிக்கிறார்.

"மாப்பிள்ள, நீங்க குலுக்கல."

"குலுக்கினேன் அத்த. நீங்க பாக்கல."

பல் துலக்கக் காத்திருக்கும் மனைவிக்குத்தான் தினமும் வேலைக்குத் தாமதமாகிறது.