குரல் நின்ற ஒன்பது நிமிடம்

கிரேன் ஓட்டும் அந்தப் பெண்ணுக்கு வேலைத்தளத்தில் கிளி என்று பெயர். கூண்டில் உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர். மூக்கும் கொஞ்சம் அப்படித்தான் என்று சிலர் சொல்வதுண்டு, அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு. நூற்றிருபது அடி உயரத்தில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு பெட்டிக்குள் இருபத்தோரு வருடம் உட்கார்ந்திருந்ததில், கீழே நிற்பவர்கள் எல்லாரும் அவளுக்குச் சின்ன மனிதர்களாகத் தெரிந்தார்கள். அது உயரத்தின் குற்றம் என்பாள். குணத்தின் குற்றம் என்பார் அவள் கணவர்.

பக்திக்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் இடம் பிடிப்பாள். தினமும் ஏணி ஏறி, கூண்டின் கதவைச் சாத்தி, நெம்புகோலைத் தொடுவதற்கு முன் கண்ணை மூடி, "ஆண்டவரே, நீர் என்ன சொன்னாலும் சரி" என்று வாய்விட்டுச் சொல்லுவாள். மனதாரத்தான் சொன்னாள். மனிதர்கள் எதையாவது சொன்னால்தான் அவளுக்கு ஒத்துவராது.

கிரேன் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. கட்டடத்துக்குப் பின்னால் சுமையை இறக்கும்போது ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாது. கீழே சுமைக்குப் பக்கத்தில் ஒரு சிக்னல்காரர் ரேடியோவோடு நிற்பார். "இறக்குங்க, இறக்குங்க, மூணு அடி, இறக்குங்க" என்று அவர் விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் குரல் இருக்கும்வரை கொக்கி நகரலாம். குரல் நின்றால் கொக்கியும் நின்றுவிட வேண்டும். ஏன் நின்றது, எதற்கு நின்றது என்று மேலே இருப்பவர் யோசிக்கக்கூடாது. விதி அவ்வளவுதான்.

அந்த விதியைத்தான் கிளி இரண்டு தடவை மீறியிருந்தாள். புதிதாக வந்த சிக்னல்காரனுக்கு வயது முப்பதுதான். பேச்சு ஆமை வேகம். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று எல்லாரும் கிண்டலடித்து, நிதானம் என்றே அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அவன் இருமுவதற்காக நிறுத்திய ஒரு நாளும், தொண்டையைச் செருமிய ஒரு நாளும், கிளி தன் கணக்கிலேயே சுமையை இறக்கி வைத்துவிட்டாள். இரண்டு தடவையும் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது. அதனால்தான் தலைக்கனம் இன்னும் ஏறியது. மேனேஜருக்கு அந்த அச்சு பிசகாததெல்லாம் கணக்கில்லை. மூன்றாவது தடவை நடந்தால் கூண்டைவிட்டு இறங்கி ஸ்டோரில் திருகாணி எண்ணப் போக வேண்டியதுதான் என்று கடிதமே கொடுத்துவிட்டார்.

கூண்டு போனால் தனக்கு என்ன மிச்சம் என்று கிளிக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிதானத்தைத் திட்டத் தொடங்கினாள். கணவர் தையல்காரர். உதட்டில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு ஒரு சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"கண்ணுக்குத் தெரியாத ஆண்டவர்கிட்ட தினமும் சரிங்கிற. கண்ணுக்கு முன்னாடி நிக்கிற மனுஷன்கிட்ட ஒரு தடவை சொன்னியா?"

"அவன் என்ன ஆண்டவரா?"

"இல்லதான். ஆனா அவனை அங்க நிக்க வெச்சது யாருன்னு கேட்டுப் பாரு. உன்னையும் அங்க உட்கார வெச்சவருதானே?"

அவள் அப்போதுதான் செருப்பைக் கழற்றி மூலையில் எறிந்தாள். ஊசியைக் கடித்திருந்தது அவர், குத்தியது அவளைத்தான். அன்று ஜெபத்தில் அந்த வழக்கமான வரி மட்டும் வாயில் வரவில்லை.

மறுநாள்தான் பெரிய வேலை. ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த ஸ்கேன் இயந்திரத்தை ஏழு மாடிக் கட்டடத்துக்கு மேலாகத் தூக்கி, பின்பக்க முற்றத்தில் அதற்கென்று கட்டிய மேடையில் இறக்க வேண்டும். ஆறு டன். மத்தியானம் நெருங்க நெருங்கக் காற்று வலுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து மேனேஜர் ஒரு தாளைப் படித்துக் காட்டினார். இன்று சிக்னல்காரர் ஒருவருடைய குரல் மட்டும்தான், நானே வந்து சொன்னாலும் கேட்கக்கூடாது என்று அதில் இருந்தது. தானும் கையெழுத்துப் போட்டு, எல்லாரிடமும் வாங்கினார்.

கூட்டம் கலைந்ததும் நிதானம் அவளிடம் வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் ரேடியோவைத் திருகிக்கொண்டே கேட்டான்.

"அக்கா, என் குரல் நின்னா நிறுத்திடுவீங்கதானே?"

எனக்கா பாடம் நடத்துகிறாய் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கணவரின் குண்டூசி ஞாபகம் வந்தது. கேள்வியை விழுங்கினாள். விழுங்கியது தொண்டையை அறுத்துக்கொண்டுதான் போனது.

"சரி தம்பி" என்றாள்.

சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஏணியில் ஏறிவிட்டாள். இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் அதைத் திரும்ப வாங்கியிருப்பாள்.

இயந்திரம் பத்து மணிக்குத் தரையைவிட்டுக் கிளம்பியது. ஏழு மாடியையும் தாண்டி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே நகர்ந்து, பின்பக்கம் இறங்கி அவள் பார்வையிலிருந்து மறைந்தது. அதன்பிறகு அவளுக்கு இருந்தது கயிறும் குரலும்தான். "இறக்குங்க... இறக்குங்க... பத்து அடி... இறக்குங்க..." அவன் இழுத்து இழுத்துப் பேசினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "நாலு அடி... இறக்குங்க... மூணு..."

குரல் நின்றது.

அவள் கையும் நின்றது. நின்றதைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம்.

பிரேக்கைப் பூட்டினாள். ஒரு நிமிடம் ஆனது. ரேடியோவில் வெறும் இரைச்சல். கயிறு ஓடிய அளவைப் பார்த்தால் இன்னும் இரண்டரை அடிதான் பாக்கி. கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடுவாள். இருபத்தோரு வருட அனுபவமும் உள்ளங்கைக்கு இறங்கி, வைத்துவிடு வைத்துவிடு என்று அரித்தது. கை அவ்வளவு பரபரக்கவே, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாவது நிமிடம் ரேடியோ கரகரத்தது. மேனேஜர். அவர் அலுவலகம் கட்டடத்தின் முன்பக்கம், அவருக்கும் முற்றம் தெரியாது. நிற்கும் கயிறும், காற்றுமானியில் ஏறும் எண்ணும் மட்டும் தெரியும்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க? ரெண்டு அடிதானே, இறக்குங்க."

அவள் மனதில் நினைத்ததையே அவரும் சொன்னார். இதைவிட நல்ல சாக்கு இனி அமையாது. மேலதிகாரியே சொல்லிவிட்டார், நாளைக்கு யார் கேட்டாலும் அவர் தலையில் போட்டுவிடலாம். அவள் ரேடியோவை எடுத்தாள்.

"சார், நீங்க சொன்னாலும் கேட்கக்கூடாதுன்னு நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டீங்க."

அந்தப் பக்கம் ரேடியோவைப் பட்டென்று அணைக்கும் ஒலி கேட்டது. போச்சு, கூண்டு போச்சு என்று முணுமுணுத்தாள்.

காற்று கண்ணாடியில் மோதியது. அவள் அப்போது செய்த ஜெபத்தை முன்வரிசையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆண்டவரே, அவன் எங்கேதான் போய்த் தொலைந்தான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரியாமல் உட்கார எனக்குப் பழக்கமில்லை, இதற்குத்தான் இத்தனை வருடம் சரி சரி என்று சொல்ல வைத்தீரா என்று சண்டைபோட்டாள். சண்டைபோட்டுக்கொண்டே கையின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். போகப் போகச் சண்டை தேய்ந்தது. இது என் கையில் இல்லை என்ற எண்ணம் வந்தது. முதலில் அது பயமாக இருந்தது. அப்புறம், இருபத்தோரு வருடத்தில் முதல்முறையாக, தோளிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது.

ஒன்பதாவது நிமிடம் குரல் வந்தது. மூச்சிரைத்தது. ஆனால் அதே இழுவை.

"அக்கா... ஒரு அடி... தூக்குங்க."

இறக்க வேண்டியதைத் தூக்கச் சொல்கிறான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. தூக்கினாள். கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கச் சொன்னான், வைத்தாள். பிறகு இறக்கச் சொன்னான். அங்குலம் அங்குலமாக, அவன் இழுத்த இழுப்புக்கெல்லாம் இறக்கினாள். காற்று, வேலையை நிறுத்த வேண்டிய எல்லையைத் தொட இன்னும் ஒரு கோடு பாக்கி இருக்கும்போது, ஆறு டன்னும் மேடையில் உட்கார்ந்து, கயிறு தளர்ந்தது. முற்றத்திலிருந்து எழுந்த கைத்தட்டலும் விசிலும் ஏழு மாடியைத் தாண்டி அவள் கூண்டுவரை வந்தன.

இறங்கி முற்றத்துக்குப் போனபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. சுமையின் வழிகாட்டிக் கயிற்றைப் பிடித்திருந்த ஃபிட்டர், மேடைக்குப் பக்கத்தில் கேபிளுக்காக வெட்டியிருந்த பள்ளத்தில் வழுக்கி விழுந்திருந்தார். கால், பள்ளத்தில் போட்டிருந்த பலகைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தலை, இயந்திரம் இறங்கும் இடத்துக்கு நேர் கீழே. நிதானம் பாய்ந்ததில் ரேடியோ பள்ளத்துத் தண்ணீரில் விழுந்து ஊமையாகிவிட்டது. பலகையை நெம்பிக் காலை எடுக்க ஒன்பது நிமிடம் ஆனது. அதற்குள் ஓடிவந்த மேனேஜர், பார்த்ததும் வார்த்தை எதுவும் பேசாமல் தன் ரேடியோவையே அவன் கையில் கொடுத்திருந்தார். ஒரு அடி தூக்கச் சொன்னது ஃபிட்டரை வெளியே இழுக்கத்தான். இப்போது ஃபிட்டர் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அவளைக் கண்டதும், தன் பையிலிருந்து அந்தப் பழைய கடிதத்தின் நகலை எடுத்துக் கிழித்துப் போட்டார்.

நிதானம் தலையிலிருந்து கால்வரை சேறாக நின்றான். பள்ளத்தின் ஓரத்தில் அவன் மண்டியிட்ட தடம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. அவனும் ஒன்பது நிமிடம் அந்த ஆறு டன்னுக்கு அடியில்தான் இருந்திருக்கிறான்.

"நான் ரெண்டு தடவை நிறுத்தலையே தம்பி. எந்த தைரியத்துல நீ கீழ போன?"

அவன் சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்தான். எப்போதும்போல நேரம் எடுத்துக்கொண்டான். இந்தத் தடவை அவள் காத்திருந்தாள்.

"காலையில சரின்னு சொன்னீங்களேக்கா."

அவளுக்குக் கண்ணில் மளமளவென்று நீர் வந்தது. ஆயிரம் தடவை மேலே பார்த்துச் சொல்லியிருக்கிறாள். கீழே பார்த்து ஒரே ஒரு தடவை, அதுவும் கசந்துகொண்டு சொன்னாள். அந்த ஒன்றை இவன் அப்படியே நம்பி, அதற்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறான். ஆண்டவரிடம் சொன்ன அத்தனை சரியும் இந்தப் பள்ளத்துக்குள்தான் வந்து சேர வேண்டியிருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். சுற்றி நின்றவர்கள் மறுபடி கைதட்டினார்கள்.

மறுநாள் காலை ஏணி ஏறி, கதவைச் சாத்தி, கண்ணை மூடி, "ஆண்டவரே, நீர் என்ன சொன்னாலும் சரி" என்றாள். கண்ணைத் திறந்து ரேடியோவை எடுத்தாள்.

"தம்பி, நான் தயார். நீ மெதுவாவே சொல்லு."