வேலிக்குப் பின்னால் ஒரு பிள்ளையார் சுழி

பாலேந்திரா அண்ணை பின்னேரம் ஐந்து மணிக்கு ஹீத்ரோ விமான நிலையத்துக்கு வெளிக்கிட வேண்டும். காலை பதினொரு மணிக்கு என்னுடைய எட்டுக் கம்ப்யூட்டர்களும், கலியாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி, ஒன்றோடொன்று பேசமாட்டோம் என்று நின்றன.

என்னுடைய என்பது சும்மா கதைக்கு. கிங்ஸ்பரியில் மரக்கறிக் கடைக்கு மேலேயுள்ள அறையில், ஆட்கள் எறிய வைத்திருந்தவற்றை வாங்கி அடுக்கியிருந்தோம். 2009 ஓகஸ்ட். அந்த வருஷத் தையில்தான் ஒரு வங்கி, நான் இல்லாமலும் தன்னால் நட்டப்பட ஏலும் என்று கண்டுபிடித்து என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஆகவே எனக்கு நேரம் தாராளம்.

ஊரில் சண்டை முடிந்து மூன்று மாதம். சனத்தை அடைத்து வைத்திருந்த முகாம்களிலிருந்து கையால் எழுதிய பெயர்ப் பட்டியல்கள் வந்துகொண்டிருந்தன. இங்கேயுள்ளவர்கள் தேடும் பெயர்களை அவற்றோடு ஒப்பிட வேண்டும். கிருஷ்ணராசா என்ற ஒருவரையே ஆங்கிலத்தில் ஒன்பது விதமாக எழுதியிருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் தனியாகத் தேடினால் ஒரு நாளுக்கு மேல். ஒன்று தலைவராக இருந்து மற்ற ஏழுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தால் நாலே மணித்தியாலம். பொருந்தும் பெயர்களை அண்ணை வவுனியாவுக்குக் கொண்டுபோய், முகாமுக்குள் போய்வரும் சுவாமியார் ஒருவரிடம் கொடுப்பார்.

அந்தக் கிருஷ்ணராசா சிவனேஸ்வரி அக்காவின் தம்பி. பட்டியல்களைத் தட்டச்சுச் செய்தது அக்காதான். நாலாயிரம் பெயருக்கு மேல். தம்பியின் பெயர் வருகிறதா என்று ஒவ்வொரு வரியிலும் பார்த்துப் பார்த்து.

"நேற்று ஓடினது தானே?" என்றார் அண்ணை.

"நேற்று ஓடினது அண்ணை."

"பிளேன் உம்மட கம்ப்யூட்டருக்காக நிக்காது, பிரதாபன்."

வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். மேசைக்குக் கீழே போய்த் தலையை இடித்தேன். வங்கியில் இதற்குச் சம்பளம் தந்தார்கள். தலைவரிலிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டரின் இலக்கத்தையும் கையால் அடித்துக் கூப்பிட்டேன். ஏழும் 'ஓம், இருக்கிறன்' என்று பதில் சொல்லின. தலைவரையே கூப்பிட விட்டால் ஒன்றுமில்லை. 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று திரை முழுக்க.

அப்படியென்றால் வயரில் பிழையில்லை. தலைவர் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. ஏழு வரி. பிழை அதில்தான். திறந்தேன். எட்டு வரி இருந்தது.

முதல் வரியில்: உ.

நேற்று மாலை ஒரு பழைய கம்ப்யூட்டர் செத்துப்போக, "புதுசின்ர இலக்கத்தை இதில மாத்திவிடுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு, நான் சாப்பிட ரோல்ஸ் வாங்கக் கீழே போயிருந்தேன். அக்கா நல்ல காரியம் என்று பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார்.

"அக்கா, இதைச் சேமிக்கேக்க என்ன செய்தனீங்கள்?"

"நீர் சொல்லித்தந்த மாதிரித்தான். தமிழ் எழுத்து இருந்தால் யூனிகோட் எண்டு போடச் சொன்னீர். போட்டனான்." அக்காவின் முகம் மாறியது. "ஏன் தம்பி? நானோ கெடுத்தனான்?"

ஒரு சுழிக்காகக் கோப்பு முழுவதும் வேறு குறிமுறைக்கு மாறி, ஏழு இலக்கமும் தலைவருக்குப் புரியாமல் போயிருந்தன. சொல்லித்தந்த மகாபண்டிதர் நான்.

"பிழை என்ர அக்கா. அரைவாசிதான் சொல்லித் தந்தனான்."

இலக்கங்களைப் புதிதாக அடித்தேன். சுழியை அழிக்கப் போன விரல் நின்றது. பக்கத்தில் அக்கா நின்றார். சுழியின் முன்னால் # என்று ஓர் அடையாளம் போட்டு, தலைவருக்குப் புரியும் முறையில் சேமித்தேன்.

"அதென்ன?"

"வேலி. வேலி போட்ட வரியைக் கம்ப்யூட்டர் வாசிக்காது. தாண்டிப் போகும்."

"அப்ப அவர் அங்கதான் இருப்பாரோ?"

"முதல் வரியில, வசதியா."

பன்னிரண்டரைக்குத் தலைவர் கூப்பிட, ஏழும் பதில் சொல்லித் தேடத் தொடங்கின. அண்ணை பயணப் பெட்டியின் மேல் இருந்தபடியே நித்திரையானார். அக்கா தேத்தண்ணி போட்டார்; ஒருவரும் குடிக்கவில்லை.

நாலே முக்காலுக்குப் பிரிண்டர் பதினொரு தாள் துப்பியது. ஏழாவது தாளில் அக்காவின் விரல் நின்றது. Kirusnarasa. தகப்பன் பெயர் சரி. ஊர் சரி. வயது முப்பத்தாறு.

"தம்பிக்கு நாப்பத்தொண்டு தானே அக்கா?" என்றேன், மெதுவாக. இதே பெயரில் எத்தனை பேரோ.

அக்கா தாளைக் கிட்டே கொண்டுவந்து வயதை வாசித்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"பொம்பிளை பார்த்த காலத்திலயிருந்து அஞ்சு வயசு குறைச்சுத்தான் சொல்லுவான். முகாமுக்குப் போயும் விடேல்லைப் பாரும், எருமை."

பேனையை எடுத்து முதல் தாளின் தலையில் ஒரு சுழி போட்டார்.

"இதுக்கும் வேலி வேணுமோ தம்பி?"

"வேண்டாம் அக்கா. இதை ஆக்கள்தான் வாசிக்கப் போயினம்."

"தங்கச்சி, தாளைத் தாரும்," என்றார் அண்ணை அக்காவிடம், எழும்பி நின்று. "எழுத்து நனையப்போகுது."