அத்தையின் ஐந்தாவது பல் செட்

என் மனைவி பல் செட் செய்பவள். பல் மருத்துவர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பொருந்தும்படி செட் செய்து கொடுப்பாள். அவள் கைவேலையில் யாரும் குறை சொன்னதில்லை. குறை சொல்ல அவளே இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?

தன் அம்மாவுக்கென்று செய்ய உட்கார்ந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. அத்தைக்குப் பற்கள் எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது. முதல் செட்டின் நிறம் சற்றே மஞ்சள் என்றாள். அடுத்ததில் முன்பல் மயிரிழை சாய்வு. எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை. அதைச் சொன்னதற்கு முறைத்தாள். ஒவ்வொன்றையும் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி அச்சு எடுக்கக் கூட்டிப்போவாள். பல் போன ஈறு சும்மா இருக்காது, சுருங்கிக்கொண்டே போகும். தாமதிக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் அவள்தான் சொல்வாள். இங்கேயோ, இவள் இழைத்து இழைத்து முடிப்பதற்குள் அம்மாவின் வாய் மாறியிருக்கும். செட் நிஜமாகவே ஆடும். நான் அப்போதே சொன்னேனே என்று அதையும் உடைப்பாள்.

அத்தை பேச்சைக் குறைத்துக்கொண்டார். வாயாடி என்று பேர் வாங்கியவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் போன் செய்தால், எங்களைப் பேசச் சொல்லிக் கையைக் காட்டிவிடுவார். வார்த்தை குழறுவதை அவன் கேட்கக் கூடாதாம். நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான், பாலில் ஊறிய ரொட்டியோடு தனியாக உட்காருவார். நான்காவது செட்டும் உடைந்த அன்று என்னால் பொறுக்க முடியவில்லை.

"உன் கை மேல ஒரு சொல் வந்துடக் கூடாதுன்னு பாக்குற. பெத்தவ ஊமையாயிட்டிருக்கா."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்தாவது செட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தையின் வாயில் பொருத்தினாள். ஆடவில்லை. ஏதாவது பேசச் சொன்னாள். அத்தை பேசிப் பார்த்தார். சில எழுத்துகள் வரும்போது மட்டும் காற்று கசிந்து மெல்லிய விசில் கேட்டது. மனைவியின் முகம் செத்துவிட்டது. கழற்றித் தரும்படி கையை நீட்டினாள்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே பேசினார்.

"நீ பொறந்தப்போ உனக்கு ஒரு காது மடங்கியிருந்துச்சு. வேற புள்ள குடுங்கன்னா கேட்டேன்?"

மனைவியின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. பிறகு அழ ஆரம்பித்தாள். உனக்குச் செய்வதாவது தப்பாகிவிடக் கூடாது என்றுதான் என்று விக்கி விக்கிச் சொன்னாள்.

"தெரியும்டி. ஆனா நீ சரி பண்ணி முடிக்கிற வரைக்கும் நான் இருக்கணுமே."

அத்தை தானே போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு மகனைக் கூப்பிட்டார். வெகுநேரம் பேசினார். விசிலும் கூடவே பேசியது. ஒவ்வொரு விசிலுக்கும் என் மனைவி கண்ணை மூடித் திறந்தாள். அம்மாவின் குரலைக் கேட்டு முதலில் தழுதழுத்த அவள் தம்பி, பிறகு சிரிக்கத் தொடங்கினான். அது என்ன விசில், பல் செட் யார் செய்தது என்று கேட்டான். அத்தை போனை மகள் பக்கம் நீட்டினார்.

ஈறு சுருங்கிவிட்டது, அச்சு சரியில்லை என்று சொல்வதற்கு அவளிடம் ஆயிரம் இருந்தது. நான் காத்திருந்தேன்.

"நான்தான்டா செஞ்சேன்" என்றாள்.