சங்கரியின் முகம் பார்த்து நடப்பவன்

1

இந்தக் கதை என் சமையலறை ஜன்னலில் வந்து தொங்கியது. வைட்டிலாவில் எங்கள் அடுக்ககத்துக்குப் பெயின்ட் அடிக்க வந்த இசக்கிராஜா, ஒன்பதாவது மாடி உயரத்தில் கயிற்றுப் பலகையில் உட்கார்ந்தபடி தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டாஞ்சேரியில், அந்தரத்தில் இழுத்துக் கட்டிய நாடாவின் மேல் நடப்பதாகச் சொன்னான். புளுகுகிறான் என்று நினைத்தேன். புளுகானாலும் விட மனமில்லை.

2

'சாவுக்கு அஞ்சாத மாவீரன் இசக்கிராஜா அந்தரத்தில்...'

(அடித்துவிட்டேன். அவனுக்குக் கரப்பான்பூச்சி என்றாலே பயம்.)

முதல் வரைவில் நாடாவை வல்லார்பாடம் துறைமுகத்தின் இரண்டு கிரேன்களுக்கு நடுவே கட்டினேன். பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் அங்கே காவலாளி கதையைக்கூட உள்ளே விடமாட்டார். ஆகவே மட்டாஞ்சேரியிலேயே, ஆளில்லாத இரண்டு மசாலாக் கிடங்குகளின் மொட்டைமாடிகளுக்கு நடுவே கட்டியிருக்கிறேன். மூன்று மாடி உயரம்; கீழே கல் பாவிய சந்து. நாடா இரண்டு விரல் அகலம். இடுப்பிலிருந்து ஒரு காப்புக் கயிறு, நாடாவில் ஓடும் வளையத்தில் கொக்கியால் மாட்டியிருக்கும். கால் தவறினால் அதில் தொங்கலாம்.

3

அந்தக் கொக்கியைச் சரிபார்ப்பது அவன் மனைவி சங்கரி. பெயின்டர்களிடம் ஒரு வழக்கம்: தொங்குகிறவன் தன் முடிச்சைத் தானே சரிபார்த்தால் போதாது, இன்னொரு கை பட வேண்டும். பள்ளுருத்தியில் பிறந்து, தமிழை மலையாள வாடையோடு பேசி, ஹோட்டல் அடுக்களையில் வேலை பார்க்கும் சங்கரியுடையதுதான் அந்த இன்னொரு கை.

(அவள் நான்கு மாதம் முழுகாமல் இருந்... வேண்டாம். வாசகரை மிரட்ட வயிற்றுப்பிள்ளையை இழுப்பது மட்டமான வேலை.)

"நோக்கியாச்சு சேட்டா. இந்தக் கொக்கி இல்லாம ஒருநாள் மேல கேறினா நான் அம்மா வீட்டுக்குப் போயிரும். பின்ன வரமாட்டேன், கேட்டோ?"

"ஏட்டி, பகல் பூரா கயித்துலதான கெடக்கேன். ஒரேயொரு தடவை ஒண்ணுமே பிடிக்காம நடந்தா எப்படி இருக்கும்னு தோணத்தான் செய்யி."

"தோணட்டும். கொக்கி இல்லாம மேல கேறண்டா."

4

இப்படிப்பட்டவர்களுக்குச் சாக ஆசை என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சாக நினைப்பவன் ஏன் மாதக்கணக்காக முழங்கால் உயரத்தில் கட்டிய நாடாவில் விழுந்து விழுந்து பழக வேண்டும்? நாடாவில் நிற்கும்போது மேஸ்திரியின் சத்தம், வீட்டு வாடகை எதுவும் காதில் விழுவதில்லையாம். சங்கரிக்கு அது தெரியும். அதனால்தான் திட்டிக்கொண்டே கூட வருகிறாள்.

நடக்கிறவன் காலைப் பார்க்கக் கூடாது. கண் எதிர்முனையில் நிற்க வேண்டும். போகும்போது அவன் பார்ப்பது எதிர்மாடிச் சுவரிலிருக்கும் ஓர் ஆணியை. திரும்பும்போது சங்கரியின் முகத்தை. அதற்காகவே அவள் புறப்பட்ட மாடியில், நாடா கட்டிய தூணை ஒட்டி உட்கார்வாள்.

5

அன்று அவன் நன்றாகவே நடந்து அக்கரை மாடியை அடைந்தான். அடைந்ததும் கொக்கியைக் கழற்றினான். வேலையில் அப்படித்தான்: இறங்கியதும் முதலில் கொக்கியைக் கழற்றிவிட வேண்டும், அதே கயிற்றுக்காக அடுத்த ஆள் மேலே காத்திருப்பான். கை அதற்குப் பழகிப்போயிருந்தது. மூச்சு வாங்கினான், திரும்பினான், நாடாவில் ஏறி நின்றான். காப்புக் கயிறு அவன் இடுப்பில் சும்மா தொங்கியது.

சங்கரி பார்த்துவிட்டாள். மறந்துவிட்டானா, வேண்டுமென்றே செய்கிறானா? அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

6

முடிவு ஒன்று: "சேட்டா, கயிறு!" என்று கத்துகிறாள். அவன் திடுக்கிட்டு... கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கண்ணை மூடிக்கொள்கிறாள். பாவம், வேறென்ன செய்வாள்? ஆனால் அவன் கண்ணுக்குப் பிடிமானம் அந்த முகம்தான்.

முடிவு மூன்று: அவனே உணர்ந்து, மெல்லப் பின்வாங்கி உட்கார்கிறான். இதுதான் எனக்குப் பிடித்தது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

7

நான் யோசிப்பதற்குள் அவன் நடக்கத் தொடங்கிவிட்டான். அவனுக்கு இப்போது எதிரே பதறாத ஒரு முகம் வேண்டும், அவ்வளவுதான். சங்கரிக்கு அந்த முகத்தை எழுத என்னால் ஆகவில்லை. தூணை ஒட்டி அவளருகே இடம் விட்டிருக்கிறேன். வாசகரே, நீங்கள் வந்து உட்காருங்கள். சத்தம் வேண்டாம்.

அவன் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறான்.