இரண்டு விடைகளில் ஒன்று

1

இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. கோவை காந்திபுரத்தில் ஏறிய டவுன் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் போனில் சொன்னாள்: "அது வெடிச்சது பத்து செகண்டுங்க. நாம அதை வெச்சு ஆறு வருஷம் ஓட்டிப்போட்டமுங்க." மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

[முதலில் எழுதிய தொடக்கம்: "அண்டப் பெருவெளியில்…" வேண்டாம். அங்கே போக அந்தப் பஸ்ஸில் யாரும் டிக்கெட் எடுக்கவில்லை.]

2

அவளுக்கு ஃபர்சானா என்று பெயர் வைத்தேன். அணுக்கரு இயற்பியலாளர். உக்கடத்தில் தனியாக இருக்கிறாள். சாயங்காலத்துக்கு மேல் அவளிடம் யாரும்… (இந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். என்னைப் பற்றியதாகப் போய்விட்டது.)

கிருபாசங்கர் அந்தியூர்க்காரர், புனேயில் வானியலாளர். அடர்ந்த விண்மீன் ஒன்று, பக்கத்து விண்மீனின் வாயுவை இழுத்துச் சேர்க்கும். சேர்ந்தது எக்ஸ் கதிராக வெடிக்கும். அந்த ஒளி தணிவதை அவர் அளக்கிறார். அது எவ்வளவு சீக்கிரம் தணியும் என்பதைத் தீர்மானிக்கும் அணுக்கரு வினையை அவள் ஆய்வகத்தில் அளக்கிறாள். இருவரும் நேரில் பார்த்ததில்லை. வியாழன்தோறும் போன். வேலை பத்து நிமிடம், பேச்சு ஒரு மணி நேரம்.*

* அவர் என்ன சாப்பிட்டார், அவள் வீட்டுக் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்பதுதான் பேச்சு.

3

தவறு இதுதான். ஆய்வகத்தில் அவளுக்கு ஒன்றுக்கு இரண்டு விடை வந்தது. எது சரி என்று சொல்ல வழியில்லை. அவருடைய கிராஃபுக்குப் பொருந்தியதை எடுத்து அனுப்பிவிட்டாள். அவரோ, "ஆய்வகமும் எங்கள் முடிவை உறுதிசெய்கிறது" என்று கட்டுரையில் எழுதிவிட்டார். அவருடைய கிராஃப் அவருக்கே சாட்சி சொல்லியிருக்கிறது.

கட்டுரை அச்சுக்குப் போகிறது. உண்மையைச் சொன்னால் அதைத் திரும்பப் பெற வேண்டும், வியாழக்கிழமையும் போய்விடும். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. சொல்லிவிடாதே என்றும் கெஞ்சத் தோன்றியது.

4

முடிவு ஒன்று: அவள் சொல்லவில்லை. (அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு:

"ஏனுங்க கிருபா, அந்த நம்பரை உங்க கிராஃபைப் பாத்துத்தானுங்க எடுத்துப்போட்டேன்."

"தெரியுமுங்க."

"எப்பருந்துங்க?"

"போன மாசத்துலருந்துங்க. சொன்னா நீங்க கூப்பிட மாட்டீங்கன்னு சும்மா இருந்துட்டனுங்க."

எழுதிவிட்டு அழுதேன். பிறகுதான் உறைத்தது. கிருபாசங்கர் இப்படிச் சொல்லக்கூடியவர்தானா? எனக்கு எப்படித் தெரியும்? என் ஆசைக்குப் பொருந்திய முடிவை எடுத்துப் போட்டிருக்கிறேன். ஃபர்சானாவைத் திட்ட எனக்கு வாயில்லை.

5

ஆகவே முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அதற்குத் தகுந்தபடி முன்பகுதியைத் திருத்திவிடுவேன்.

சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் கூப்பிட்டால் எடுப்பேன். எந்தக் கிழமையானாலும் வீட்டில்தான் இருக்கிறேன்.